மலையகத்தில் ஸ்ட்ரோபெரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைகுடாவில் வேலை செய்யும் தம்பி அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் முதல்முறை ஸ்ட்ரோபெரி நட்டேன். அது பாலைவன ஊருக்கான பக்குவம்: நிழல்வலை கட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்று, மண்ணில் கந்தகம் போடு. அங்கே அது சரிதான். சூடு 30 பாகையைத் தாண்டினால் பூப்பது குறைந்துவிடும், மண்ணும் காரமண். நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். இங்கே செடிக்கு எதிரி வெயில் இல்லை, ஈரம். வலைக்குக் கீழே என் செடிகள் இலையாகவே பெருத்தன. காய்த்த கொஞ்சமும் சாம்பல் பூஞ்சணம் பிடித்து அழுகியது. மழைக்காலத்தில் வேண்டியது ஒளி புகும் பொலித்தீன் கூரையும் உயர்ந்த பாத்தியும். தண்ணீர் ஊற்றுமுன் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம்.

நடும் ஆழத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வேருக்கும் இலைக்காம்புக்கும் நடுவில் விரல் தடிப்பில் ஒரு குறுந்தண்டு இருக்கும். அதன் உச்சியில்தான் குருத்து. அது மண்ணுக்குள் போனால் அழுகும். மேலே தூக்கி நின்றால் வேர் காயும். மண் மட்டத்தில் குருத்து தெரிய வேண்டும். முதல் மழை மண்ணைக் குருத்தின்மேல் அடித்திருக்கும். மறுநாள் காலையில் விரலால் ஒதுக்கிவிடுங்கள்.

மண்ணின் புளிப்பைக் கூட்டும் கந்தகத்தை நம் பக்கம் கொண்டுவராதீர்கள். தேயிலை மண் ஏற்கெனவே புளிப்பு, பெரும்பாலும் பிஎச் 4.5 முதல் 5.5 வரை (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). ஸ்ட்ரோபெரிக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். மண்ணைச் சோதித்துவிட்டு, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைத் தேவையான அளவு நடுவதற்குச் சில வாரம் முன்பே கலந்துவிடுங்கள்.

அப்புறம், உருளைக்கிழங்கு கிண்டிய பாத்தி சும்மா கிடக்கிறதே என்று அதில் நடாதீர்கள். கிழங்கையும் தக்காளியையும் தாக்கும் ஒருவகை வாடல் பூஞ்சணம் ஸ்ட்ரோபெரியையும் தாக்கும். பல வருடம் மண்ணிலேயே கிடக்கும். லயத்துப் பக்கம் வேறு இடம் இல்லையென்றால் புதுமண் நிரப்பிய பைகளே மேல்.

புதுச்செடி வேண்டாதபோது ஓடும் கொடிகளை நறுக்கிவிடுங்கள். பழம் மண்ணைத் தொடாமல் அடியில் காய்ந்த மானாப்புல்லைப் பரப்புங்கள். ஜனவரி, பெப்ரவரியில் பனி உறையும் இரவுகளில் பூக்கும் செடியை மூடிவையுங்கள்.

கடைசியாக, அரைச்சிவப்பில் பறிக்காதீர்கள். வீட்டில் வைத்தால் நிறம் ஏறும், இனிப்பு ஏறாது. காம்படி வரை சிவந்ததும், பனி உலர்ந்த காலையில், காம்போடு கிள்ளுங்கள்.