உலக அருங்காட்சியகச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம் கிடைத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 மார்ச் மாதம் பார்சிலோனாவின் மக்பா அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி, திறக்க வேண்டிய நாளில் திறக்கவில்லை. ஆஸ்திரியக் கலைஞர் இனெஸ் டூயாக் செய்த ஒரு சிற்பம்தான் காரணம். ஸ்பெயினின் முன்னாள் மன்னர் ஹுவான் கார்லோஸை அது மிகவும் இழிவான நிலையில் காட்டியது. அந்தச் சிற்பம் வேண்டாம் என்றார் இயக்குநர் பார்த்தோமெயு மரீ. கண்காட்சியைத் திட்டமிட்டு அமைத்த க்யூரேட்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கண்காட்சியையே ரத்து செய்தார். எதிர்ப்பு பெரிதாகி, சில நாட்களில் அதே சிற்பத்தோடு கண்காட்சி திறந்தது. மரீ பதவி விலகினார். கண்காட்சியை உருவாக்கியவர்களில், மக்பாவிலேயே வேலை பார்த்த இரண்டு பேர் நீக்கப்பட்டார்கள்.

அந்த நேரத்தில் மரீ இன்னொரு நாற்காலியிலும் இருந்தார். அவர்தான் சிமாமின் தலைவர். நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகங்களில் வேலை செய்பவர்களின் உலகச் சங்கம் அது. 1962இல் தொடங்கியது. பாரிஸில் இருந்து இயங்கும் ஐகாம் என்ற உலக அருங்காட்சியகப் பேரவையோடு இணைந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் யாராவது தணிக்கை செய்தால் குரல் கொடுக்க வேண்டிய சங்கத்தின் தலைவரே தன் அருங்காட்சியகத்தில் தணிக்கை செய்தார் என்ற குற்றச்சாட்டில் நின்றார். அவர் தலைவராகத் தொடர்வதை ஏற்க முடியாமல் குழுவில் இருந்து மூன்று பேர் அதே ஆண்டு விலகினார்கள்: நெதர்லாந்தின் வான் ஆபே அருங்காட்சியகத்தின் சார்ல்ஸ் எஷ், இஸ்தான்புல் சால்ட் கலை நிறுவனத்தின் வாசிஃப் கோர்துன், தோஹா மத்தாஃப் அருங்காட்சியகத்தின் அப்தெல்லா கர்ரூம். மூவருமே தங்கள் நிறுவனங்களில் பெரிய பொறுப்பில் இருந்தவர்கள்.

நம் ஊரில் இருந்து க்யூரேட்டர்களும் கலை நிர்வாகிகளும் இப்படிப்பட்ட குழுக்களுக்கு அதிகமாகப் போக வேண்டும் என்று விரும்புகிறவன் நான். இலங்கையில் வேர்கொண்ட சுஹன்யா ராஃபெல், ஹாங்காங் எம் பிளஸ் அருங்காட்சியகத்தின் இயக்குநர், சிமாம் தலைவராகவே இருந்திருக்கிறார். போகிறவர்கள் எதில் சறுக்குவார்கள் என்று யோசித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பார்சிலோனாதான்.

எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறப்பது

குழுவுக்குத் தேர்வாகிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு அருங்காட்சியகத்தின் இயக்குநர். அந்தப் பதவியால்தான் அவருக்கு இந்த இடமே கிடைக்கிறது. அதனால் குழுவில் பேசும்போதும் தன் அருங்காட்சியகத்தின் பிரதிநிதியாகவே பேச ஆரம்பிக்கிறார். தவறு இங்கேதான் தொடங்குகிறது. அந்த அறையில் நீங்கள், உங்களுக்கு வாக்களித்த உறுப்பினர்கள் எல்லோருக்கும் பொதுவானவர். அடுத்த மாநாடு உங்கள் ஊரில் நடக்க வேண்டுமா என்று பேச்சு வருகிறதா, பயண உதவித்தொகைக்கு உங்கள் ஊழியர் விண்ணப்பித்திருக்கிறாரா, உங்களுக்கு நன்கொடை தரும் நிறுவனமே சங்கத்துக்கும் தர முன்வருகிறதா, அந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். “இதில் எனக்குச் சம்பந்தம் இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன்” என்று சொல்லி எழுந்துபோனால் போதும். கூட்டக் குறிப்பில் அது பதிவாகியிருக்கிறதா என்று அப்புறம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கடினமானது, புகாரே குழு உறுப்பினர் ஒருவர் மீது வரும்போது. அவரோடு பத்து வருடப் பழக்கம் இருக்கும். அவருடைய அருங்காட்சியகத்தில் இருந்து உங்களுக்கு ஒரு கண்காட்சி கடனாக வரவேண்டியிருக்கும். இந்த நிலையில் நேர்மையாக முடிவெடுப்பது யாருக்கும் சுலபமில்லை. அதனால் பிரச்சினை வருவதற்கு முன்பே விதியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உறுப்பினரின் சொந்த அருங்காட்சியகம் விசாரணைக்கு வந்தால் அவர் விலகி நிற்க வேண்டுமா, எவ்வளவு காலம், அதுவரை யார் பொறுப்பு? முதல் கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள். எழுதப்பட்ட விதி இல்லை என்று பதில் வந்தால், அதை எழுத வைப்பதே உங்கள் முதல் வேலை. யார் பெயரும் அடிபடாத காலத்தில் எழுதிய விதியை யாரும் தன் மீதான தாக்குதலாக நினைக்க மாட்டார்கள்.

கண்டன அறிக்கையை வேலையின் முடிவாக நினைப்பது

உலகில் எங்காவது ஓர் இயக்குநர் அரசியல் காரணத்துக்காக நீக்கப்பட்டால், சிமாமின் அருங்காட்சியகக் கண்காணிப்புக் குழு அறிக்கை விடும். அவசியமான வேலை இது. ஆனால் இரண்டு பக்கமும் தவறு செய்ய வழி இருக்கிறது.

ஒன்று, அவசரம். அறிக்கை யாருக்காகப் போகிறதோ அவரிடம் கேட்காமலேயே போவது. வெளிநாட்டுச் சங்கத்தின் கண்டனம் சில நாடுகளில் அந்த மனிதருக்கே ஆபத்தாக முடியும், “அந்நியக் கை” என்ற பட்டம் விழும். எது சொன்னால் உதவி, எது சொன்னால் தொல்லை என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, ஒரு அறிக்கையோடு மறந்துபோவது. போலந்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் சிமாம் தன் ஆண்டு மாநாட்டை வூச், க்தான்ஸ்க் நகரங்களில் நடத்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள், வார்சாவின் ஸாஹென்தா தேசியக் கலைக்கூடத்தை நடத்திவந்த ஹன்னா வ்ரூப்லெவ்ஸ்காவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு வூச் நகரின் ஷ்டுகி அருங்காட்சியகத்தில் யாரோஸ்வாவ் சுஹானும் இயக்குநர் பதவியை இழந்தார். விருந்தோம்பிய ஊரிலேயே அடி விழுந்தது. அரசு மாறிய பிறகு 2024 மே மாதம் வ்ரூப்லெவ்ஸ்கா அந்த நாட்டின் கலாசார அமைச்சரே ஆனார்! சங்கத்தின் அறிக்கையால் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை, தேர்தல்தான் காரணம். இடைப்பட்ட அந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் வேலையிழந்தவரோடு யார் பேசிக்கொண்டிருந்தார்கள், யார் அவரைக் கருத்தரங்குக்கு அழைத்தார்கள், யார் பரிந்துரைக் கடிதம் எழுதினார்கள் என்பதைத்தான் யோசிக்கிறேன். அறிக்கை வந்து மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து யார் அவரோடு தொடர்புகொள்வது என்று குழுவில் ஒருவர் பெயரைக் குறித்து வையுங்கள்.

உறுப்பினர்களைக் கேட்காமல் உயர்ந்த வாசகம் எழுதுவது

ஐகாம் 2019இல் கியோட்டோவில் பட்ட பாடு இது. “அருங்காட்சியகம் என்றால் என்ன” என்பதற்குப் புதிய வரையறை ஒன்றை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். மக்களாட்சி, பல குரல்கள், சமூக நீதி என்று நல்ல எண்ணங்கள் நிறைந்த வாசகம்தான். ஆனால் இது வரையறையா, கொள்கைப் பிரகடனமா என்று பல நாட்டுக் குழுக்கள் கேட்டன. சட்டங்களில் ஐகாமின் வரையறையை எடுத்தாளும் நாடுகள் இருக்கின்றன, அவர்களுக்குக் கவலை இருக்காதா? ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். 2020இல் தலைவர் சுவாய் அக்சோய் உட்படப் பலர் விலகினார்கள்.

பிறகு புதிய குழு அமைத்து, நாட்டுக் குழுக்களிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு, 2022 ஆகஸ்ட் 24 அன்று பிராகில் மறுபடி வைத்தார்கள். 92 சதவீத ஆதரவு. அணுகக்கூடியது, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, பன்மைத்தன்மை, நிலைத்த வளர்ச்சி என்று முதல் வரைவின் கனவுகளில் கணிசமானவை அதிலும் இருந்தன. மூன்று ஆண்டு தாமதம் வலித்திருக்கும், ஆனால் இந்த முறை உறுப்பினர்கள் கூடவே வந்தார்கள்.

குளிர்நாட்டு அளவுகோலுக்குத் தலையாட்டுவது

நம்மவர்கள் போனால் பயன்படும் இடம் இது. ஓவியங்களுக்கு 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்ற இறுக்கமான கணக்கு பல பத்தாண்டுகளாக உலகை ஆண்டது. சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் வெளிக்காற்றின் ஈரப்பதமே பெரும்பாலும் 70, 80 சதவீதம். அந்தக் கணக்கைப் பிடிக்க ஏசி இரவும் பகலும் ஓட வேண்டும். மின்கட்டணத்தைக் கட்ட முடியாத அருங்காட்சியகத்துக்கு மற்ற அருங்காட்சியகங்களில் இருந்து கண்காட்சிக்காக ஓவியம் கடனாக வராது. பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் கூடும் பிஸோ குழு பசுமை நெறிமுறை என்ற ஒன்றை உருவாக்கிய பிறகு, 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீதம் என்று பெரும்பாலான பொருள்களுக்குக் கணக்கு தளர்ந்தது. அதுவும் நம் கடற்கரை ஊர்களுக்கு இறுக்கம்தான். குழுவில் இப்படியொரு பேச்சு வரும்போது, “எங்கள் ஊரில் இதற்கு மாதம் இவ்வளவு மின்சாரம் செலவாகிறது, எங்கள் கட்டடத்தில் இத்தனை வருடமாக இந்தப் பொருள் இப்படி இருக்கிறது” என்று அளந்த எண்களோடு பேசுங்கள். புதிதாக வந்தவர், ஆங்கிலம் அவ்வளவு சரளமில்லை என்று சும்மா இருந்துவிட்டால், வேறு ஊரின் கட்டடத்துக்காக எழுதிய விதி உங்கள் ஊருக்கும் விதியாகிவிடும். பேசத் தயக்கமாக இருந்தால் ஒரு பக்கக் குறிப்பை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்புங்கள். அது பேச்சைவிட நன்றாகவே வேலை செய்யும்.

கணக்கைப் பார்க்காமல் கைதூக்குவது

ஒரு சிறிய கலை அமைப்பின் குழுவில் இருந்தபோது நான் செய்த தவறு இது. வரவு செலவு கடைசி அஜெண்டா, எல்லோருக்கும் பசி, நானும் கைதூக்கினேன். அடுத்த ஆண்டு ஒரே நன்கொடையாளர் விலகியதும், எங்களிடம் மூன்று மாதச் சம்பளத்துக்குக்கூடப் பணம் இல்லை என்பது தெரிந்தது. அலுவலகத்தில் இருந்த இரண்டு பெண்களும் வேறு வேலை தேடிப் போனார்கள். அவர்கள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. உலகச் சங்கங்களின் அலுவலகங்களும் பெரும்பாலும் ஒரு சிலர் மட்டுமே இருக்கும் சின்ன இடங்கள்தான். உறுப்பினர் சந்தா எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, யார் தருகிறார்கள், கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்ற நான்கு கேள்விகளைக் கேட்காமல் கைதூக்க வேண்டாம்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொறுப்புக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பயணச் செலவையும் சொந்த நிறுவனமே ஏற்க வேண்டியிருக்கும். பிரேசிலும் ஐரோப்பாவும் ஜப்பானும் சேரும் இணையக் கூட்டம் யாரோ ஒருவருக்கு நள்ளிரவில்தான் விழும். வேட்புமனு போடுவதற்கு முன்பே உங்கள் இயக்குநரிடமோ அறங்காவலர்களிடமோ மூன்று ஆண்டுக்கான நேரத்தையும் பயணச் செலவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாநாட்டில் மட்டும் முகம் காட்டி, இடையில் வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடாத உறுப்பினரின் வேலையையும் சேர்த்து அந்தச் சின்ன அலுவலகம்தான் சுமக்கிறது.