ஸ்டியரிக் அமிலம் சேர்த்து முதல் க்ரீம் செய்வது எப்படி?

க்ரீம், லோஷன், கண்டிஷனர் என்று எதை எடுத்தாலும் அதன் உட்பொருள் பட்டியலில் ஸ்டியரிக் அமிலம் அடிக்கடி தென்படும். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். இது மெழுகு போன்ற வெள்ளைச் செதில்களாக வரும் ஒரு கொழுப்பு அமிலம். கோகோ வெண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். விற்பனைக்கு வருவது பெரும்பாலும் பாமாயிலிலிருந்து எடுக்கப்படுகிறது, கூடவே பால்மிடிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலமும் கலந்திருக்கும். விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுப்பார்கள் என்பதால், தாவர மூலம்தானா என்று பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்டியரிக் அமிலம் தனியாக எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்காது. காரத்தோடு (ஆல்கலி) சேரும்போது அதில் ஒரு பகுதி சோப்பாக மாறும், அந்தச் சோப்புதான் பிடிக்கும். தடவியதும் மறைந்துபோகும் பழைய வேனிஷிங் க்ரீம்கள் அப்படிச் செய்யப்பட்டவைதான். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் காரத்தைக் கையாளும் வேலை வேண்டாம். சேர்த்துப் பிடிக்க எமல்சிஃபையிங் வேக்ஸ் இருக்கட்டும், க்ரீமுக்குக் கெட்டித்தன்மை கொடுக்க ஸ்டியரிக் அமிலம் இருக்கட்டும்.

100 கிராம் க்ரீமுக்கு வேண்டியவை: காய்ச்சி வடித்த நீர் 74 கிராம், கிளிசரின் 3, பாதாம் அல்லது சூரியகாந்தி எண்ணெய் 14, எமல்சிஃபையிங் வேக்ஸ் 5, ஸ்டியரிக் அமிலம் 3, கிருமி வளராமல் தடுக்கும் ஃபீனாக்ஸியெத்தனால் வகைப் ப்ரிசர்வேட்டிவ் 1. ஸ்பூன் கணக்கு இதற்குச் சரிவராது, டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும். ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள்.

முதலில் பாத்திரம், கரண்டி, டப்பா எல்லாவற்றையும் கழுவி உலர்த்தி, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்துக் காயவிடுங்கள். இது எளிதில் தீப்பிடிக்கும், காய்ந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.

அடுத்து, ஒரு கிண்ணத்தில் நீரும் கிளிசரினும், இன்னொன்றில் எண்ணெய், வேக்ஸ், ஸ்டியரிக் அமிலம். இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள்.

இங்கேதான் நிதானம் வேண்டும். சுத்தமான ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரிக்கு அருகில்தான் உருகும். எண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு செதில்கூட மிஞ்சாமல், கண்ணாடி மாதிரித் தெளிவாகும்வரை காத்திருங்கள். தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். ஆறின தண்ணீரை ஊற்றினால் அமிலம் அந்த நொடியே உறைந்து, க்ரீம் முழுக்கக் குருணை குருணையாக நிற்கும். பலருக்கு முதல் க்ரீம் சொதப்புவது இந்த இடத்தில்தான். சூடாக்கும்போது கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால், கலப்பதற்கு முன் மறுபடி எடை பார்த்து, குறைந்த அளவுக்குச் சூடான நீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தண்ணீரை எண்ணெய்க் கலவையில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரால் விட்டுவிட்டு இரண்டு மூன்று நிமிடம் அடியுங்கள். பிளெண்டர் தலை எப்போதும் கலவைக்குள் மூழ்கியே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்றுக் குமிழிகள் புகும். பால் போல வெளுத்ததும் கரண்டிக்கு மாறி, ஆறும்வரை அவ்வப்போது கிளறுங்கள். 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு ப்ரிசர்வேட்டிவ் சேருங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தண்ணீர் இருக்கும் எந்த க்ரீமிலும் கிருமி வளரும், வைட்டமின் ஈ அதைத் தடுக்காது.

கலவை இன்னும் தண்ணியாகத்தானே இருக்கிறது என்று கூடுதல் அமிலம் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். ஆற ஆற இறுகும், முழு இறுக்கம் மறுநாள்தான் தெரியும். அப்புறம் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் பாருங்கள், 5 முதல் 6 வரை இருந்தால் நல்லது. முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடுங்கள்.

தேய்க்கும்போது வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தால், அடுத்த முறை அமிலத்தை 2 கிராமாகக் குறைத்து, அந்த ஒரு கிராமை எண்ணெயில் கூட்டுங்கள். கை, பாதத்துக்குக் கெட்டியாக வேண்டுமென்றால் 5 கிராம் வரை போகலாம், அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். வறண்ட முடி நுனிக்கு, அமிலம் 2 கிராம் சேர்த்த க்ரீமே போதும், அதற்கு மேல் போனால் முடி பிசுபிசுப்பாகப் படியும்.