ஸ்ப்ளெண்டரைப் பிரிப்பதற்கு முன்: பெரிய சர்வீஸுக்குப் பாகங்கள் சேர்ப்பது எப்படி?

ஞாயிறு மதியம் மூன்று மணி. வலப்பக்க என்ஜின் கவரைக் கழற்றி, உள்ளே எல்லாம் துடைத்து, திரும்ப மூடப் போகும்போதுதான் கவனித்தேன், பழைய கேஸ்கட் (ஆயில் கசியாமல் கவருக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) இரண்டாகக் கிழிந்திருந்தது. ஸ்பேர்ஸ் கடைகள் எல்லாம் பூட்டு. மறுநாள் வேலைக்குப் பஸ்ஸில்தான் போனேன். வீட்டிலேயே பெரிய சர்வீஸ் செய்ய நினைப்பவர்கள் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் முடிக்கவேண்டிய வேலையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உதாரணத்துக்கு என்னிடம் இருக்கும் ஸ்ப்ளெண்டர் பிளஸ்.

1. வண்டி எந்த வருடம்?

ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு மாதம், வருடம் இருக்கும். அதைப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றே என்றாலும் பாகங்கள் ஒன்றல்ல. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு இணைந்த பிரேக் (ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் அமைப்பு) கட்டாயமானதால் பிரேக் கேபிள் அமைப்பு மாறியது. 2020-இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. "ஸ்ப்ளெண்டருக்கு ஒரு கேபிள் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார்.

2. பிரிக்காமலே பாருங்கள்

பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) கடைக்கோடியில் செயினை விரலால் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. செயினை மட்டும் வாங்காதீர்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் சேர்ந்த கிட்டாகவே வாங்குங்கள்.

நடு ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) போய்விட்டது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது சக்கரமே ஆடினால் பேரிங். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு தெரிந்தால் இரண்டு பக்கத்துக்கும் ஆயில் சீலும் ஃபோர்க் ஆயிலும் பட்டியலில் சேரும்.

3. பட்டியல்

எப்படியும் மாற்றுபவை: என்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். ஆயிலில் 10டபிள்யூ-30 கிரேடும், கேனின் பின்புறம் 'ஜாசோ எம்ஏ' (JASO MA) என்ற பைக் ஆயில் தரக் குறியும் இருக்கவேண்டும். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. காருக்கான ஆயிலில் வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் இருக்கலாம், அதை ஊற்றினால் கிளட்சும் வழுக்கும். பிளக்கில் எண்ணையும் எழுத்தையும் அப்படியே பார்த்து வாங்குங்கள். ஒரு கம்பெனியில் எண் ஏற ஏறக் குளிர்ந்த வகை (வெப்பத்தைச் சீக்கிரம் கடத்திவிடும் பிளக்), இன்னொன்றில் நேர் எதிர்!

சரி, என்னைப் பஸ்ஸில் ஏற்றிய சின்னச் சாமான்களுக்கு வருவோம். பழைய கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டர்களில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. சுழலும் ஃபில்டரும் வலை ஸ்ட்ரெய்னரும் வலப்பக்கக் கவருக்குள்ளே இருக்கின்றன. அதைத் திறந்தால் கவர் கேஸ்கட் புதிதாக வேண்டும். கவரை இழுக்கும்போது கிக்கர் ஷாஃப்டின் பற்கள் ஆயில் சீலைக் கீறும், அதனால் அந்த சீலும். டிரெயின் போல்ட்டுக்கு வாஷர். சைலன்சரைக் கழற்ற நேர்ந்தால் அதன் வாயில் இருக்கும் வளையக் கேஸ்கட். டேப்பெட் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் இடம்) மூடிகளுக்கு ஓ ரிங் என்ற ரப்பர் வளையம். எல்லாமே சில்லறைக் காசுதான், ஆனால் ஒன்று குறைந்தாலும் வண்டி நகராது.

4. கடையில்

கழற்ற முடிந்த பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6301 என்றால் உள்விட்டம் 12 மிமீ, வெளிவிட்டம் 37, அகலம் 12. எண் ஒன்றாக இருந்தால் எந்த நல்ல பேரிங் கம்பெனி சரக்கும் பொருந்தும். பெயரில்லாத பெட்டியில் வருவதை மட்டும் தொடாதீர்கள்.

பிரேக் ஷூ, கேபிள், சீல் இவற்றில் நான் கம்பெனி ஒரிஜினலைத் தவிர வேறு வாங்குவதில்லை. இண்டிகேட்டர் கண்ணாடி, சைடு பேனல் போன்றவற்றுக்கு, சென்னைக்காரர் என்றால், புதுப்பேட்டைப் பழைய சரக்கே போதும். அங்கே பழைய பிரேக் ஷூ தேடுவது வேண்டாத வேலை.

பில் வாங்குங்கள். எலக்ட்ரிக்கல் சாமானைப் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுக்கமாட்டார்கள், அதைக் கடைசியாக யோசித்து வாங்குங்கள்.

5. சனிக்கிழமை மாலை

ஒரு பழைய செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் வேலை நடக்கும் வரிசையில் அடுக்குங்கள். ஏர் ஃபில்டரைப் பழையதோடு சேர்த்து வைத்து அளவு பாருங்கள். கேஸ்கட்டைக் கவரின் மேல் வெளியிலிருந்தே பிடித்து, ஓட்டைகள் நேராக வருகிறதா பாருங்கள். அப்புறம் ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட் வரும் இடங்களில் துளை போட்டு வையுங்கள். போல்ட்டுகள் ஒரே நீளமில்லை; நாளை கழற்றக் கழற்ற அந்தந்தத் துளையில் குத்திவிடலாம்.

ஏதாவது பொருந்தவில்லையா? எங்கள் ஊர்க் கடை சனிக்கிழமை இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும்.