பாசி பிடித்த புல்தரைக்கு எந்தக் கருவி?

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் உள்ள புல்தரை, ஐப்பசி மழை முடிந்ததும் பாசி பிடித்துவிடும். மண் இறுகித் தண்ணீர் இறங்காததுதான் வினை. நிழலும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

மண்ணில் துளை போட்டு இறுக்கத்தைத் தளர்த்த, முதலில் ஆணி பதித்த செருப்பு வாங்கினேன். தண்டம். ஆணி மண்ணைப் பக்கவாட்டில் நெருக்குமே தவிர வெளியே எடுக்காது. களிமண் இன்னும் இறுகும். (செருப்பு மண்ணில் மாட்டி நான் விழப்போனது தனிக்கதை.)

களிமண்ணுக்குக் குழாய்முனைக் கருவியே சரி. மிதித்து இழுத்தால் மண் உருளையாக வெளியே வரும். குழாய் அரை அங்குல விட்டம், 3 முதல் 4 அங்குல நீளம் இருக்கட்டும். வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னால், குழாயின் பக்கத்தில் வாய் திறந்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மண் அடைத்துக்கொள்ளும். மணற்பாங்கான மண்ணுக்கு முள்கரண்டி போன்ற மண்வாரி போதும்.

பாசியை வாரிவிட்டு, மண் ஈரமாக இருக்கும்போது 4 அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்துங்கள். அப்புறம் வேப்பங்கிளையையும் கொஞ்சம் கழித்துவிடுங்கள்.