கேஸ்கெட் மாற்றியும் ரேடியேட்டரில் குமிழ் வருகிறதா?

எங்கள் மாமாவின் பழைய மூன்று சிலிண்டர் டிராக்டருக்கு ஒரே உழவுப் பருவத்தில் இரண்டு முறை ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) மாற்றினோம். முதல் தடவை பட்டறையில். நாற்பது மணி நேரம்கூட ஓடியிருக்காது, மறுபடியும் ரேடியேட்டர் தண்ணீரைக் கக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் தடவை நானே ஹெட்டை இறக்கினேன். அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம், கழற்றிய கேஸ்கெட்டைக் குப்பையில் எறியாமல் வெயிலில் வைத்துப் பார்த்ததுதான். மூன்றாம் சிலிண்டர் வளையத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர் ஓட்டை வரை கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. அதே இடத்தில் ஹெட்டின் மேல் நேர்ச்சட்டத்தை வைத்தால் அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஹெட் வளைந்திருக்கிறது. முதல் தடவை அதை யாரும் அளந்து பார்க்கவில்லை, துடைத்து அப்படியே மாட்டியிருக்கிறார்கள்.

கேஸ்கெட் வேலையில் நடக்கும் தவறுகளில் பாதி, ஸ்பேனரைத் தொடும் முன்பே நடந்துவிடுகின்றன. வண்டி வெள்ளைப் புகை விட்டால் பக்கத்தில் நிற்கும் நாலு பேரில் மூன்று பேர் "கேஸ்கெட் போயிடுச்சு" என்பார்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் எரியாத டீசல். டீசலைத் தூவும் நாஸில் (இன்ஜெக்டரின் முனை) சரியாகத் தூவாமல் ஒழுக்கினாலோ, கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்) குறைந்தாலோ அப்படித்தான் வரும். அது கண்ணை எரிக்கும், டீசல் வாடை அடிக்கும், இன்ஜின் சூடானதும் குறையும். தண்ணீர் ஆவி அப்படியில்லை. சூடான பிறகும் தொடரும், ரேடியேட்டரில் மட்டமும் இறங்கிக்கொண்டே போகும்.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பதறுவதும் உண்டு. அடிக்கடி சிறிது நேரம் மட்டும் ஓட்டி நிறுத்தும் வண்டியில், உள்ளே படியும் ஈரத்தாலேயே அது வரும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் முழுக்கவே பால் கலந்த டீ நிறத்தில் இருந்து, மட்டமும் ஏறியிருந்தால் அப்புறம் கவலைப்படலாம்.

அப்போதும் கேஸ்கெட்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய டீசல் இன்ஜின்கள் பலவற்றில், பிஸ்டன் ஓடும் உருளைக் குழாயான ஸ்லீவைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். அந்த ஸ்லீவின் அடியில் உள்ள ரப்பர் வளையம் கெட்டுப்போனாலும் தண்ணீர், அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குத்தான் போகும். இரவு முழுக்க வண்டி நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சம்ப் பிளக்கை லேசாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும், பிறகு ஆயில் வரும். ஆயிலில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் ரேடியேட்டரில் குமிழே இல்லை என்றால் என் சந்தேகம் முதலில் ஸ்லீவ் பக்கம்தான் போகும். சம்பைக் கழற்றிவிட்டு ரேடியேட்டர் வழியாகக் கைப்பம்பால் மெதுவாகக் காற்றழுத்தம் கொடுத்து, கீழே படுத்துக்கொண்டு எங்கே சொட்டுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் ஹெட்டை இறக்கியவர்கள், புது கேஸ்கெட் போட்ட பிறகும் பால் நிற ஆயிலையே பார்த்திருக்கிறார்கள்.

குமிழ்ச் சோதனைக்கும் ஒரு முறை இருக்கிறது. சூடான இன்ஜினில் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது முகத்தை வேக வைத்துக்கொள்ளும் வழி. நன்றாகக் குளிர்ந்த இன்ஜினில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பழைய டிராக்டர்களில் தண்ணீர் பம்ப்பும் பெரும்பாலும் அதே பெல்ட்டில்தான் சுற்றும். பெல்ட் இருந்தால் பம்ப் தண்ணீரைக் கலக்கி வெறும் காற்றுக் குமிழைக் காட்டி ஏமாற்றும். பெல்ட் இல்லாமல் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். அதற்குள் சரம் சரமாகக் குமிழ் வந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். டீசல் சிலிண்டரில் காற்று அமுங்கும்போதே கார் டயரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான அழுத்தம் இருக்கும், எரியும்போது அதற்கும் மேல். சின்ன வழி கிடைத்தாலும் போதும்.

வால்வுகளுக்கு நடுவில் ஹெட் விரிசல் விட்டிருந்தாலும் இதே குமிழ்தான் வரும். அதனால்தான் பழைய கேஸ்கெட்டை எறியாதீர்கள் என்கிறேன். அதில் கரிக்கோடு எங்குமே இல்லை என்றால் ஹெட்டைப் பிரஷர் டெஸ்டுக்கு அனுப்பாமல் மாட்டக் கூடாது.

இன்னொன்று: சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரை அழுத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் தண்ணீர் வெளியே வந்துவிடும்.

சரி, ஹெட்டைக் கழற்றுகிறோம். இன்ஜின் கைபொறுக்கும் சூட்டில் இருந்தால்கூடக் கழற்ற வேண்டாம், முழுதாகக் குளிரட்டும். இறுக்கும் வரிசைக்கு நேர் எதிராக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை மொத்தமாக விட்டுவிட்டு மறுபக்கம் போனால் நேராக இருந்த ஹெட்டும் வளையலாம். வால்வுகளை இயக்கும் புஷ்ராடுகளை ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தி வையுங்கள். டீசல் பைப்புகளின் வாயைத் துணியால் அல்ல, மூடியால் அடையுங்கள், நூல் இழை ஒன்று போனாலும் நாஸில் கெடும்.

சுத்தம் செய்யும்போதுதான் நல்ல மெக்கானிக்குகளும் சறுக்குகிறார்கள். கிரைண்டரில் எமரி டிஸ்க் மாட்டி பிளாக்கின் முகத்தைத் தேய்த்தால் பத்து நிமிடத்தில் பளபளக்கும். அந்த எமரித் துகள் ஆயில் வழிகளில் இறங்கிப் பேரிங்கைத் தின்னும். தேய்த்த இடம் பள்ளமாகும், அங்கே கேஸ்கெட் உட்காராது. தட்டையான ஸ்க்ரேப்பரும் பொறுமையும் போதும். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் நனைத்துச் சுரண்டுங்கள், காற்றடித்துத் தூசி கிளப்ப வேண்டாம். அடி மூடிய போல்ட் ஓட்டைகளில் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் முழுக்க எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் அந்த நீரை அழுத்தும், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'இறுகிவிட்டது' என்று சொல்லும், ஹெட் இறுகியிருக்காது. சில சமயம் பிளாக்கே விரிசல் விடும்.

பிறகு அளவு. நேர்ச்சட்டத்தையும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் வைத்து நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் எல்லாம் பாருங்கள், பிளாக்கையும் சேர்த்து. எவ்வளவு வளைவு வரை விடலாம் என்பதை அந்த இன்ஜினின் மேனுவல்தான் சொல்ல வேண்டும். லேத் பட்டறையில் "ஒரு கட் போட்டுடலாம்ணே" என்பார்கள். பெட்ரோல் இன்ஜினுக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் இடையே மில்லிமீட்டர் கணக்கில்தான் இடைவெளி. அளவில்லாமல் சீவினால் வால்வு பிஸ்டனை முத்தமிடும். சில ஹெட்டுகளைச் சீவவே கூடாது என்று மேனுவலில் இருக்கும். பிஸ்டனுக்கு மேலுள்ள இந்த இடைவெளியைச் சரியாக வைக்கத்தான் சில இன்ஜின்களுக்குப் பல தடிமனில் கேஸ்கெட் வருகிறது. கேஸ்கெட்டில் எத்தனை வெட்டு அல்லது ஓட்டை அடையாளம் இருக்கிறது என்று பார்த்து, பிஸ்டன் எவ்வளவு மேலே நீட்டுகிறது என்று அளந்து வாங்க வேண்டும்.

ஸ்லீவ் பிளாக்கின் முகத்துக்கு மேலே எவ்வளவு நிற்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. தண்ணீர் சுற்றும் ஸ்லீவாக இருந்தால், மயிரிழை அளவு மேலே நின்று கேஸ்கெட்டைக் கடிக்க வேண்டும். ஒன்று உள்ளே அமுங்கியிருந்தால் எந்த கம்பெனி கேஸ்கெட்டும் அங்கே நிற்காது.

மாட்டும்போது மேல் பக்கம் என்று அடையாளம் இருந்தால் பாருங்கள். ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்று காலியாக வைத்து ஒத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் சொல்லாதவரை ஷெல்லாக் பசை, கிரீஸ் எதுவும் வேண்டாம். கைப்பழக்கத்தில் இறுக்கும் பெரியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் இறுக்குவதை ஒப்புக்கொள்ள முடியாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக. பழைய வகை கேஸ்கெட்டுகள் பலவற்றுக்கு, இன்ஜின் சூடாகி அமர்ந்த பிறகு மறுபடி இறுக்க வேண்டும். சூட்டிலா குளிரிலா என்பதும் மேனுவலில் இருக்கும். அப்படி இறுக்கினால் டப்பெட் அளவும் (வால்வுக்கு விடும் இடைவெளி) மாறும், அதையும் திரும்ப வையுங்கள். இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்ற கோணக் கணக்கில் இறுக்கும் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்துவதைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

மாமாவின் வண்டிக்கு வருகிறேன். ஹெட்டைச் சீராக்கி, அளந்து, புது கேஸ்கெட் போட்டோம். ஆனால் ஹெட் ஏன் வளைந்தது என்ற கேள்வி மிச்சமிருந்தது. எப்போதோ ஒழுகிய ரேடியேட்டருக்கு யாரோ மஞ்சள் தூள் போட்டிருந்தார்கள், அது ஒழுகலோடு சேர்த்துப் பாதிக் குழாய்களையும் அடைத்துவிட்டது. மிச்சத்தைப் போர்த் தண்ணீரின் உப்பு அடைத்தது. தண்ணீர் கொதித்தபோதெல்லாம் பச்சைத் தண்ணீரை ஊற்றி மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் கடைக்காரர் மேல் தொட்டியைப் பிரித்துக் குத்தி எடுத்தபோது ஒரு சட்டி நிறைய மஞ்சள் நிறச் சேறு வந்தது. அதைப் பார்த்துவிட்டு மாமா கேட்ட முதல் கேள்வி, முதல் கேஸ்கெட்டுக்குக் கொடுத்த காசைத் திரும்பக் கேட்கலாமா என்பதுதான்.