ஸ்பெயினின் கிரனாடாவில் முதல் மாதம்

பெட்டியைப் பிரிக்கும் முன்பே நகராட்சியில் முகவரியைப் பதிந்துவிடுங்கள். எம்பாத்ரோனாமியென்தோ என்பார்கள். பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் கேட்பார்கள். ஒப்பந்தம் தர இழுத்தடிக்கும் வீட்டுக்காரரை நம்பாதீர்கள். நம்பி இரண்டு வாரம் அலைந்தவன் நான்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் 30 நாளுக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்பதிவு வேண்டும். ஸ்பானிஷில் அதன் பெயர் 'சீத்தா', அசோகவனத்தில் தேடுவது போலத்தான் தேட வேண்டும்! விடியற்காலையில் இணையதளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருங்கள்.

மதியம் இரண்டு மணிக்குச் சின்னக் கடைகள் ஷட்டரை இறக்கினால் ஐந்து மணி வரை திறக்காது. ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட்டும் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசியும் தயிரும் வாங்கி வைத்துவிடுங்கள்.

சாப்பாடுதான் பெரிய கதை. இங்கே பாரில் ஒரு பானம் வாங்கினால் தாபா எனும் சிறு தட்டு இலவசம். நான் சைவம். 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்றேன். சிரித்த முகத்தோடு சூரை மீன் போட்ட உருளைக்கிழங்கு சாலட் வந்தது! மீன் அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. அன்றிலிருந்து 'சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' என்று மீனையும் பன்றித்தொடையையும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன். சரி, அப்படியும் ஒருமுறை சூப்பில் ஹமோன் துண்டு மிதந்தது.