முதல் ஒப்படை எழுதுவது எப்படி? தலைப்பு வேறு, கேள்வி வேறு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, வந்து சேரும் முதலாம் வருடப் பிள்ளைகள் உயர்தரத்தில் பக்கம் பக்கமாக விடை எழுதிப் பழகியவர்கள். கை வேகமும் உண்டு, ஞாபகமும் உண்டு. ஆனாலும் 1500 சொற்களில் ஓர் ஒப்படை (assignment) என்றதும் பலர் திகைத்துப்போகிறார்கள். பரீட்சையில் தெரிந்ததை எழுதினால் புள்ளி கிடைத்தது. ஒப்படையிலோ, தெரிந்ததை வைத்து நீங்கள் என்ன நிறுவுகிறீர்கள் என்று பார்க்கிறார்கள். இந்த வித்தியாசத்தை யாராவது ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகளின் இரவுத் தூக்கம் மிஞ்சும்.

ஓர் உதாரணத்தோடு போவோம். தலைப்பு: 'யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்'.

1. தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

இந்தத் தலைப்பை அப்படியே வைத்து எழுதத் தொடங்கினால் மழைக்கு ஒரு பந்தி, துலாவுக்கு ஒரு பந்தி, நிலாவரைக் கிணற்றுக்கு ஒரு பந்தி என்று வந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரு பந்தியை உருவி எடுத்தாலும் ஒன்றும் குறையாது. அப்படியென்றால் அது கட்டுரை இல்லை, குறிப்புகளின் கட்டு.

எனவே பேனையை எடுத்து, தலைப்புக்குள் உங்களை உறுத்தும் ஒன்றைக் கேள்வியாக எழுதுங்கள். 'குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று என்ற உப்பு கூடுவதற்குத் தோட்டப் பசளை முதன்மைக் காரணமா, மலசலகூடக் குழிகளா?' சரி, இப்போது தேட ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே உத்தேசமாக ஒரு வரி விடையும் எழுதுங்கள். வாசிக்க வாசிக்க அந்த விடை மாறலாம். மாறினால் நல்லது, நீங்கள் உண்மையாகவே வாசித்திருக்கிறீர்கள்.

2. கேள்வியோடு வாசியுங்கள்

கம்பஸ் நூலகம், யாழ்ப்பாணப் பொது நூலகம், 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் மூன்றையும் பயன்படுத்துங்கள். கடைசியில் உள்ளதில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. விக்கிப்பீடியாவில் தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது.

குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் எழுதிவிடுங்கள். நூலாசிரியரின் சொற்களை நீலத்திலும் உங்கள் எண்ணத்தைக் கறுப்பிலும் எழுதினால், பிறகு எது யாருடையது என்ற குழப்பம் வராது. பிறர் வரியைத் தன் வரியாக எழுதிப் பிடிபடும் பிள்ளைகளில் பலர் கள்ளம் செய்தவர்கள் அல்லர், கொப்பியில் பிரித்து எழுதாதவர்கள்.

உசாத்துணையை, அதாவது எந்த நூலில் இருந்து எடுத்தீர்கள் என்ற குறிப்பை, சடங்காக நினைக்காதீர்கள். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை என்ற வரலாற்று நூலின் சிறப்புப்பாயிரம், அந்நூலுக்கு ஆதாரமான கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கடைசி இரண்டும் இன்று கிடைக்கவில்லை. அப்படி இரு நூல்கள் இருந்தன என்ற செய்தி அந்தக் குறிப்பால் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1981இல் பொது நூலகம் எரிந்த ஊரில் இருந்து எழுதும் எங்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

3. ஒரு பந்திக்கு ஒரு வசனம்

எழுதப்போகும் ஒவ்வொரு பந்தியையும் முதலில் ஒரே வசனமாக எழுதிப் பாருங்கள்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை; மாரி மழை சுண்ணாம்புக்கல்லில் இறங்கிச் சேர்வதே எங்கள் கிணற்று நீர்.
அந்தக் கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் இருப்பதால் மேலே போடுவது விரைவில் கீழே போய்விடும்.
வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்குப் பசளை தொடர்ந்து போடப்படுகிறது.
வீடுகள் நெருங்கிய இடங்களில் குழிகளும் கிணறுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இந்த வசனங்களை மட்டும் ஒரு நண்பருக்கு வாசித்துக் காட்டுங்கள். 'அதனால்?' என்று அவர் கேட்கும் இடத்தில் ஒரு பந்தி குறைகிறது.

4. நடுப்பகுதியை முதலில் எழுதுங்கள்

முன்னுரையில் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் அங்கேயே போய்விடும். நடுவில் இருந்து தொடங்குங்கள். பலரும் எழுதுவது இப்படி:

'நிலத்தடி நீர் மாசடைந்துள்ளது. இது பாரிய பிரச்சினையாகும். மக்கள் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.'

மூன்று வசனம், ஒரு செய்தியும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

'குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு வரக்கூடிய ஆபத்தை வைத்தே இந்த அளவு வகுக்கப்பட்டது. ஆகவே தோட்டக் கிணற்றையே குடிக்கவும் பயன்படுத்தும் வீடுகளில், பசளையின் அளவு குழந்தையின் உடல்நலத்தோடு தொடர்புடைய விடயமாகிறது.'

முதலில் ஓர் ஆதாரம், பிறகு அதன் காரணம், அப்புறம் அது உங்கள் கேள்வியோடு சேரும் இடம். பலர் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். புள்ளி போடுபவர் அதைத்தான் தேடுகிறார்.

5. முன்னுரை, முடிவுரை, திருத்தம்

முன்னுரையில் கேள்வியும் உங்கள் விடையும் இருந்தால் போதும். 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்க வேண்டாம்; அதே வரியோடு இன்னும் இருபது ஒப்படைகள் அந்த மேசையில் இருக்கும். முடிவுரையில் புதுத் தகவல் சேர்க்காதீர்கள்.

இறுதி நாளுக்கு இரண்டு நாள் முன்னே எழுதி முடித்து, ஒரு நாள் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் வசனத்தை இரண்டாக உடையுங்கள். கடைசியாக உசாத்துணைப் பட்டியலையும் பந்திகளில் வரும் பெயர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பதிவிலக்கத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.